ஓட்டை விழுந்த இலைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, வெள்ளவத்தைக் கால்வாயின் கரையில், எருக்கலஞ்செடி ஒன்றின் முன்னால் குந்தியிருந்து இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும் ஐம்பது வயதுப் பெண்ணைக் கண்டால், நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் விசாரிக்காமல் போவதில்லை. "ஏதும் துலைச்சுப் போட்டியளோ?" என்று சிலர் கேட்பார்கள். மருந்துக்கு இலை பறிக்கிறேன் என்று எண்ணிய ஓர் ஐயா, முழங்கால் நோவுக்கு எருக்கலை இலையை எப்படி வாட்டிக் கட்டவேண்டும் என்பதைப் பத்து நிமிடம் நின்று சொல்லித்தந்துவிட்டுப் போனார். நான் தேடுவது ஓட்டை விழுந்த இலையை என்று சொன்னால் எவருக்கும் நம்பிக்கை வருவதில்லை. பூச்செடி வளர்க்கிற எவரும் பார்த்தவுடன் கிள்ளி எறிகிற இலை அது. மூன்று வருடங்களுக்கு முன்பு நானும் அப்படித்தான் எறிந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீடு தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருக்கிறது. பல்கனியில் அம்மாவின் ஆட்சி. இரண்டு கறிவேப்பிலைச் சாடி, ஒரு துளசி, ஒரு தேசி, பிறகு பெயர் தெரியாத சில குரோட்டன்கள். யாழ்ப்பாணத்து வளவை விட்டுக் கொழும்புக்கு வந்த நாள்முதல் அம்மா அந்தக் கறிவேப்பிலையைப் பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்து வருகிறார். ஒரு நாள் காலையில், "பிள்ளை, கறிவேப்பிலை முழுக்க மசுக்குட்டி தின்னுது, ஒரு மருந்து வாங்கி அடி" என்று கட்டளை பிறந்தது. போய்ப் பார்த்தால் மயிர் எதுவும் இல்லாத புழுக்கள். இலையின் மேல் காகம் எச்சமிட்டதுபோலக் கபிலமும் வெள்ளையுமாகக் கிடந்தன. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதால் மருந்து வாங்கும் வேலை பின்போடப்பட்டது. என் வாழ்க்கையில் சோம்பல் நன்மை செய்த சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

நான்கைந்து நாளில் அந்த எச்சங்களில் ஒன்று தோலுரித்துப் பச்சையாகிவிட்டது. கறிவேப்பிலையின் அதே பச்சை. தோள்ப்பட்டை இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பொய்க் கண்கள், உடம்பின் குறுக்கே மரக்குச்சி நிறத்தில் சாய்ந்த பட்டைகள். எழுதுகோலின் நுனியால் மெதுவாகத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைபோன்ற ஒன்று வெளியே நீண்டது. அதனுடன் அழுகிய தோடம்பழத்தின் மணம் மூக்கில் ஏறியது. இரண்டு நொடியில் அது உள்ளே போய்விட்டது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் மருந்தின் கதை முடிந்தது. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என்று நான்கு பெட்டி வரைந்து அம்புக்குறி போட்டுப் புள்ளி வாங்கியவள் நான். அந்தப் பெட்டிகளில் ஒன்றுக்கு மணம் உண்டு என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

புழு தண்டொன்றைத் தேர்ந்து, இடுப்பைச் சுற்றி ஒற்றைப் பட்டுநூலைக் கட்டிக்கொண்டு, முதுகைச் சற்றே பின்னால் சாய்த்துக் கூட்டுப்புழுவாயிற்று. "பனையில தளைநார் போட்டு இளைப்பாறுற ஆள் மாதிரி இருக்கு" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அம்மா தினமும் தேநீரோடு வந்து அதன் முன்னால் கதிரை போட்டு அமர்ந்தார். பத்தாம் நாள் அது மங்கிக் கபிலமாயிற்று; நாங்கள் நிறம் மாறுவது வண்ணத்துப்பூச்சிக்கு என்று நினைத்தோம். அதற்கடுத்த நாள் கூட்டின் பக்கவாட்டில் குண்டூசித் தலையளவு துளையொன்று தெரிந்தது. அதன் வழியே கொசுவைவிடச் சிறிய குளவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன. புழு தோலுரித்துக் கூட்டுப்புழுவான கணத்தில், கூடு இன்னும் மென்மையாக இருக்கும்போது, தாய்க் குளவி வந்து முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கிறது. அம்மா அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த முறை மூன்று கூட்டுப்புழுக்களில் இரண்டு தப்பின. அவற்றில் ஒன்று சிறகு விரித்துக் காயவைத்துக்கொண்டு என் விரலில் ஒரு மணிநேரம் அமர்ந்திருந்தது. தமிழ்நாட்டு ஆர்வலர்கள் அந்த இனத்துக்குக் கறிவேப்பிலை அழகி என்று பெயரிட்டிருக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தபோது, அம்மாவின் சாடிக்கு ஒரு பட்டம் கிடைத்ததுபோல இருந்தது.

வண்ணத்துப்பூச்சிகளைக் காப்பது என்றால் பூ நடுவது என்றே நானும் எண்ணியிருந்தேன். பூ, பசித்தவருக்குத் தேநீர்க்கடை மாதிரி. வழியில் எந்தக் கடை இருந்தாலும் போதும். முட்டையிடுவதற்கு மட்டும் சொந்த வீடு வேண்டும். தாய் காலால் இலையைத் தட்டிச் சுவை பார்த்து, தன் பிள்ளைக்கு உரிய இலைதான் என்று உறுதிசெய்த பிறகே முட்டை வைக்கிறது. கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை அழகியும் தேசி, தோடை, கறிவேப்பிலைக் குடும்பத்தை விட்டுப் பெரும்பாலும் விலகுவதில்லை. வெந்தய வரியனுக்கு எருக்கலை வேண்டும். வெண்புள்ளிக் கருப்பனுக்கு அலரியோ ஆலமரச் சாதி மரங்களோ வேண்டும். மாமரத்தில் குருவிச்சை பிடித்துவிட்டதென்று நாம் வெட்டி எறிகிறோமே, அந்தக் குருவிச்சையின் இலையில்தான், சிறகின் அடிப்புறத்தில் மஞ்சளும் சிவப்பும் தீட்டியதுபோலப் பறக்கும் ஜெசபெல் என்ற வண்ணத்துப்பூச்சி கூட்டம் கூட்டமாக முட்டையிடும். ஆகவே பூங்கா எவ்வளவு பூத்துக் குலுங்கினாலும், அந்தந்த இலை இல்லையென்றால் அங்கே வருவது விருந்தாளிகள்தான். குடியிருப்பவர்கள் எவரும் இல்லை.

இதைப் படித்த நாட்களில் எனக்குத் தோன்றிய ஓர் எண்ணம் இன்னும் விட்டுப் போகவில்லை. நமது கோயில்களின் நந்தவனத்தை எடுத்துப் பாருங்கள். வில்வம் எலுமிச்சை அழகியின் உணவு. சரக்கொன்றை, எமிகிரன்ற் எனப்படும் வெளிர்மஞ்சள் பூச்சிகளின் உணவு. பிள்ளையாருக்கு எருக்கலை, அது வெந்தய வரியனுக்கு. அம்மனுக்கு அலரி, அது வெண்புள்ளிக் கருப்பனுக்கு. பூசைக்கென்று நட்ட மரங்கள் எல்லாம் புழுக்களுக்குப் பந்தி விரித்திருக்கின்றன. எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சிறு கோயிலொன்றின் பின்வீதியில் அலரிச் செடியின் இலைக்கடியில் கருப்பனின் கூட்டுப்புழுவை முதன்முறையாகப் பார்த்தேன். வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்கி வைத்ததுபோல அது பளபளத்தது; முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால் என் மூக்குக்கண்ணாடி அதில் வளைந்து தெரிந்தது. குருக்கள் ஐயாவை அழைத்துக் காட்டினேன். நாற்பது வருடமாக அதே செடியில் பூப்பறித்தவர், ஒரு நாளும் கண்டதில்லை என்றார். பூப்பறிக்கிறவர் பூவைப் பார்ப்பார். இலையின் அடியை ஏன் பார்க்கப்போகிறார்?

அப்படியிருக்க, எருக்கலையை வீட்டில் வைக்க அம்மா இன்றுவரை சம்மதிக்கவில்லை. எருக்கு முளைத்த வீடு பாழ் என்பது அவருடைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது. ஆகவேதான் நான் கால்வாய்க்கரைக்குப் போகத் தொடங்கினேன்.

எங்கள் குழுவுக்குப் பெயரும் இல்லை, பதிவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பல் வைத்தியர் ஒருவர், இரண்டு பல்கலைக்கழக மாணவிகள், கால்வாய்க்கு மறுகரையிலிருக்கும் ஒரு சிங்களக் குடும்பம் முழுவதுமாக, பிறகு நான். வட்ஸ்அப்பில் 'சமனல ஞாயிறு' என்று யாரோ அரைச் சிங்களமும் அரைத் தமிழுமாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது; சமனல என்றால் வண்ணத்துப்பூச்சி. கால்வாய்க்கும் வேலிக்கும் இடையில் ஏறத்தாழ 200 மீற்றர் நீளமான ஒரு நிலக்கீற்று எங்கள் பராமரிப்பில் இருக்கிறது. பராமரிப்பு என்பது பெரிய சொல். முதல் மூன்று மாதமும் நாங்கள் செய்தது பிளாஸ்ரிக் பொறுக்கியது மட்டுமே. யோகட் கோப்பை, றெஜிபோம் பெட்டி, ஒற்றைச் செருப்பு. மழைநீர் தேங்கிய கோப்பை ஒன்றைக் கவிழ்த்தால் நுளம்புக் குடம்பிகள் துள்ளும்.

அடுத்ததாக வந்தது உண்ணிச்செடிச் சண்டை. உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. பூவுக்காகக் கொண்டுவரப்பட்டு இன்று நாடெங்கும் புதராகப் பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது. அதன் கறுத்த பழங்களைக் கொண்டைக்குருவிகள் தின்று விதையை எங்கும் போடுகின்றன. படித்தவர்கள் அனைவரும் அதை வேரோடு பிடுங்கச் சொல்வார்கள். ஆனால் எங்கள் கரையில் வண்ணத்துப்பூச்சிகள் அதிகமாகத் தேன் குடிப்பதும் அந்தச் செடியில்தான். பல் வைத்தியர், சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு வாயைக் காப்பாற்ற முடியாது என்று வாதிட்டார். தபால்காரர் ஐயா, மாற்று இல்லாமல் பிடுங்கினால் பட்டினிதான் மிஞ்சும் என்றார். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம்: பழம் பிடிக்க விடாமல் கத்தரிப்பது, ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஐந்தில் ஒரு பங்கைப் பிடுங்குவது, பிடுங்கிய இடத்தில் உள்ளூர்ச் செடிகள் பூத்த பிறகே அடுத்த பங்கைத் தொடுவது. இது மெதுவான வேலை. எனக்கு அந்த மெதுவில்தான் நம்பிக்கை இருக்கிறது.

நட்டவற்றில் எனக்குப் பிடித்தவை கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும். இரண்டும் வழியோரத்துக் களைகள். நாற்றுமேடைக் கடையில் கேட்டால் சிரிப்பார்கள். தேள்கொடுக்கின் பூந்தண்டு தேளின் வாலைப்போலச் சுருண்டிருக்கும். அதைப் பிடுங்கி வாடவிட்டு வேலியில் தொங்கவைத்தால், அரைநாளில் வரியன்களும் கருப்பன்களும் வந்து அந்தக் காய்ந்த தண்டை மொய்க்கும். வருபவை பெரும்பாலும் ஆண்கள். பசிக்காக அல்ல, அந்தச் செடியிலுள்ள கசப்பான அல்கலோயிட்டுகளை உறிஞ்சி, பெண்ணைக் கவரும் மணத்தை அதிலிருந்தே ஆக்கிக்கொள்கின்றன. பூவை விட்டுவிட்டுச் செத்த செடியில் இருபது முப்பது பூச்சிகள் சிறகடிப்பதை முதன்முறை பார்த்த மாணவி ஒருத்தி, "அன்ரி, இது கல்யாண வீட்டுக்கு செண்ட் அடிக்கிற கியூ" என்றாள்.

வேலியின் ஒரு மூலையில் ஈச்சுரமூலிக் கொடி ஏற்றியிருக்கிறோம். கிரிம்சன் ரோஸ் என்ற சிவப்பு உடல் பூச்சி வந்து முட்டையிட்டது. அதே கொடிக் குடும்பத்தை நம்பியிருக்கும் இன்னொன்று இலங்கைக்கே உரிய பேட்விங். நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சி, நமது பூச்சிகளில் மிகப் பெரியது, கறுப்புச் சிறகில் பொன் மஞ்சள். எங்கள் கரையில் அது இன்னும் தலைகாட்டவில்லை. தெரிந்தவர் ஒருவர் அலங்காரக் கடையில் அதே குடும்பத்து வெளிநாட்டுக் கொடியொன்றை வாங்கி அன்பளிப்பாகத் தந்தார்; பெரிய அழகான பூ. நாங்கள் அதை நடவில்லை. அவுஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேட்விங் அத்தகைய அலங்காரக் கொடியில் ஏமாந்து முட்டையிடுகிறது, பொரிக்கும் புழுக்கள் அந்த இலையின் நஞ்சால் இறந்துபோகின்றன. கொடுத்தவருக்கு மனவருத்தம், சமாளிக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது.

இப்போது எங்கள் பெரிய தோல்வியைச் சொல்லவேண்டும். இரண்டாம் வருடம், மழை ஓய்ந்து எருக்கலை தழைத்திருந்த நேரம். ஒரே செடியில் ஏழு வெந்தய வரியன் புழுக்களை எண்ணியிருந்தோம். கறுப்பு, மஞ்சள், வெள்ளை வளையங்கள். முதுகில் மூன்று சோடிக் கறுத்த இழைகள். எருக்கலைப் பாலில் வாய் ஒட்டிவிடும் என்பதால் அது முதலில் இலைநரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, பிறகு அதற்கு அப்பாலுள்ள பகுதியைத் தின்னும். குழாயை மூடிவிட்டு வேலைசெய்யும் பிளம்பரின் நிதானம் அதற்கு இருக்கிறது. அந்த எருக்கலையின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதால் குருவிகள் அதைத் தொடுவதில்லை. அடுத்த ஞாயிறு போனபோது நிலக்கீற்று முழுவதும் மொட்டை. புல்வெட்டும் இயந்திரம் ஓடியிருந்தது. வெட்டிய தண்டுகளில் பால் வடிந்து காய்ந்து கிடந்தது. முந்திய நாள் அந்தப் பக்கத்துக் குடியிருப்பாளர்கள் டெங்குவுக்காகச் சிரமதானம் செய்திருக்கிறார்கள்.

அன்று எனக்கு வந்த கோபத்தில் நியாயம் பாதிதான். வெட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை; அந்த வரிசையில் ஒரு வீட்டுப் பிள்ளை டெங்குவால் வைத்தியசாலையில் இருந்தது. சிரமதானம் என்றால் பற்றையை வெட்டித் தரையைக் காட்டுவது என்றே பாடசாலைக் காலம்தொட்டு நாம் அனைவரும் பழகியிருக்கிறோம். நானும் எத்தனையோ சிரமதானங்களில் மண்வெட்டி பிடித்தவள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது கோப்பையிலும் பீலியிலும் ரயரிலும் தேங்கிய தெளிந்த நீரில். எருக்கலை இலையில் அல்ல. புகையடித்தால் நுளம்போடு மற்றப் பூச்சிகளும் சாகும். இவற்றையெல்லாம் நாங்கள் அறிந்திருந்தோம், ஆனால் வேலிக்கு அப்பால் வாழ்கிறவர்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒன்றரை வருடமாக அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, ஞாயிறு தோறும் வந்து பற்றையை வளர்த்துவிட்டுப் போகும் ஒரு விசித்திரக் கூட்டம்.

அடுத்த மாதம் அந்த வரிசையின் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினோம். நீர் தேங்கும் பாத்திரங்களை நாங்களே கிழமைதோறும் பார்த்துக் கவிழ்ப்பது என்று பொறுப்பெடுத்தோம். புல்லை ஒரே தடவையில் வெட்டாமல் பாதிப் பாதியாக, ஆறு கிழமை இடைவெளியில், கணுக்கால் உயரத்துக்கு வெட்டுவது என்று பேசி முடித்தோம். மும்மொழியிலும் ஒரு பலகை எழுதினோம். தமிழ் வாசகத்தைப் பிழையில்லாமல் எழுதுவது என் பொறுப்பு. 'பற்றை' என்று எழுதாதீர்கள், 'செடிகள்' என்று எழுதுங்கள் என்று தபால்காரர் ஐயா சொன்ன திருத்தம்தான் அந்தப் பலகையிலேயே மிகப் பயனுள்ள சொல் என்று நினைக்கிறேன். எருக்கலையைப் பொறுத்தவரை, அது வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மூன்றாம் கிழமையே துளிர்த்துவிட்டது. இளந்துளிரைத்தான் தாய்ப்பூச்சி விரும்பும் என்பதால் முட்டைகளும் வந்தன. அந்த ஏழு புழுக்கள் மட்டும் திரும்பவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு கணக்கெடுப்பு. முறையை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. பிரித்தானியாவில் ஏர்னி பொலார்ட் என்ற ஆய்வாளர் 1970களில் வகுத்தது, அங்கே 1976 முதல் நாடளாவிய கண்காணிப்பு அதைக்கொண்டே நடக்கிறது. குறித்த ஒரு பாதையில் சீரான நடையில் போகவேண்டும். இடமும் வலமும் இரண்டரை மீற்றர், முன்னால் ஐந்து மீற்றர் என்று கற்பனைப் பெட்டியொன்றைத் தன்னோடு கொண்டுபோய், அதற்குள் தென்படுவதை மட்டும் எண்ணவேண்டும். வெப்பநிலை 13 பாகைக்குக் குறைந்தால் நடக்கக்கூடாது என்று அவர்களுடைய விதி சொல்கிறது. அதை வாசித்த அன்று கொழும்பில் வியர்வை கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. பத்தேமுக்கால் மணிக்குப் பிறகே தொடங்கவேண்டும் என்ற அவர்களது நேரத்தை நாங்கள் எட்டரைக்கு மாற்றிக்கொண்டோம். நமது ஊரில் பதினொரு மணிக்குப் பூச்சிகளும் மனிதரும் நிழல் தேடிப் போய்விடுவார்கள். பெட்டிக்கு வெளியே எவ்வளவு அழகான ஒன்று பறந்தாலும் எண்ணக்கூடாது என்பதுதான் எல்லோருக்கும் கடினமாக இருந்தது. மறுகரைக் குடும்பத்தின் சிறுவன் அதற்காகவே தனி நாட்குறிப்பு வைத்திருக்கிறான். அதன் தலைப்பு 'பெட்டிக்கு வெளியே'.

எண்ணுவதில் எங்களைத் தோற்கடித்தது அம்மாவின் கறிவேப்பிலை அழகிதான். ஆண் ஒரே மாதிரி. கறுப்பில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணுக்கோ மூன்று வேடம். ஒன்று ஆணைப்போலவே இருக்கும். இன்னொன்று ரோஜா அழகியைப்போல. மூன்றாவது கிரிம்சன் ரோஸைப்போல. அந்த இரண்டு இனங்களும் ஈச்சுரமூலியின் நஞ்சை உண்டு வளர்ந்தவை, குருவிகள் அவற்றைத் தவிர்க்கும்; நஞ்சில்லாத இவள் அவற்றின் சேலையை உடுத்துக்கொண்டு பிழைக்கிறாள். வெவ்வேறு இனங்கள் என்று கருதப்பட்டிருந்த இவ்வடிவங்கள் ஒரே இனத்தின் பெண்களே என்பதை இயற்கையியலாளர் அல்பிரட் ரசல் வொலஸ் 1865இல், மலாயத் தீவுகளின் பூச்சிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். வேடத்தைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணுவின் வேறுபட்ட வடிவங்கள் என்பது 2014இல் வெளியானது. கால்வாய்க்கரையில் இவ்வளவு வரலாறும் உதவாது, உடம்பைப் பார்க்கவேண்டும். உண்மையான கிரிம்சன் ரோஸின் உடம்பு சிவப்பு. வேடக்காரியின் உடம்பு கறுப்பு. சேலையை மாற்றியவள் இரவிக்கையை மறந்துவிட்டாள் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். முதல் ஆறு மாதக் கணக்கில் நாங்கள் எழுதிய கிரிம்சன் ரோஸ் எண்ணிக்கையை நான் இப்போது நம்புவதில்லை.

பூச்சி பார்க்கப் போகிறவளுக்கு மற்றவை இலவசம். கபரகொய்யா என்ற பெரிய நீருடும்பு ஒன்று மதகின் மேல் வெயில் காய்கிறது. அதன் நடையில் வழக்கறிஞரின் தோரணை இருக்கிறது. கானாங்கோழி தன் கறுத்த குஞ்சுகளை வரிசையாக நடத்திக்கொண்டு நீர்த்தாவரங்களின் மேல் போகும். மீன்கொத்தி மின்கம்பியிலிருந்து விழுவதுபோல இறங்கும். இதற்கு மேல் வேண்டுமென்றால் கோட்டேயிலுள்ள பெத்தகானைக்கோ தலவத்துகொடைப் பக்கம் தியசருப் பூங்காவுக்கோ போகலாம். இரண்டும் நகரத்துக்குள்ளேயே இருக்கும் சதுப்புநிலங்கள். 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் சமவாயம் உலகில் முதன்முறையாக ஈரநில நகரங்களைத் தெரிவுசெய்தபோது அந்தப் பதினெட்டில் கொழும்பும் ஒன்று. இந்தச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை இன்னும் வாழ்கிறது. நான் அதைக் கண்டதில்லை. சேற்றில் அதன் கால்தடத்தை மட்டும் ஒருவர் காட்டினார், அதையும் வீட்டுப்பூனை என்று வாதிடலாம். பெத்தகானையின் மரப்பாதையில் நடந்தால் நீர்முள்ளியின் மேல் சாம்பல் நிறப் பான்சி வண்ணத்துப்பூச்சிகளைக் காணலாம். நீர்முள்ளி அவற்றின் புழுக்களுக்கு இலை.

வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்கும் காலத்தில் கொழும்பு முழுவதற்கும் கிடைக்கும் ஒரு காட்சி உண்டு. எமிகிரன்ற் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் ஒரே திசையில் பறக்கும். கடலோரப் பாதையில் பேருந்துக்கு நின்றால் தலைக்கு மேலும் கீழுமாக, வாகனங்களுக்கு ஊடாக, யாரோ வெளிர்மஞ்சள் காகிதத்தைக் கிழித்துவிட்டதுபோல அவை போய்க்கொண்டேயிருக்கும். சிங்களத்தில் வண்ணத்துப்பூச்சி சமனலயா. சிவனொளிபாதமலையோ சமனல கந்த. அந்த மலையை வழிபட்டு அங்கேயே உயிர்விடப் போகின்றன என்று மக்கள் சொல்வார்கள். மலை யாத்திரைக் காலமும் அதையொட்டியே தொடங்குவதால் அந்த நம்பிக்கைக்கு ஓர் அழகு உண்டு. எங்கள் அம்மாவுக்கு அவை வண்ணாத்திப்பூச்சிகள்; எங்கே போகின்றன என்ற கேள்வியைவிட, கொன்றை மரத்தை விட்டுவிட்டு ஏன் போகின்றன என்பதே அவருடைய கேள்வி. தழைத்த இலைகளைத் தேடித்தான் போகின்றன என்று நான் சொன்ன விடையில் அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. எனக்கும் முழுத் திருப்தி இல்லை.

இந்த மாதத்து முதல் ஞாயிறு மழை பெய்ததால் கணக்கெடுப்பு இல்லை. மழையில் பூச்சிகள் இலைக்கடியில் சிறகை மூடித் தலைகீழாகத் தொங்கும். நாங்கள் கோப்பைகளை மட்டும் கவிழ்த்துவிட்டு ஒன்பதரைக்கே கலைந்தோம். குடையோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மாவின் அழைப்பு வந்தது. சந்தையில் கறிவேப்பிலை ஒரு பிடி வாங்கிவரட்டாம், இரசத்துக்கு வேண்டுமாம். பல்கனியில் இரண்டு சாடி நிறைய நிற்கிறதே என்றேன். "அதில இப்ப நாலு பேர் இருக்கினம். கதையாமல் வாங்கிக்கொண்டு வா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.